பெறுமானத் தேய்வும் மாக்குழைக்கும் சட்டியும்

ஒழுக்கவியல் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெரிய பொருள்களையே எடுத்துக்கொள்வர். கொலையும் களவும், போரும் தியாகமும் அவர்களது நூல்களில் அத்தியாயங்களாக விரியும். குசினியில் மா குழைக்கும் பாத்திரம் ஒன்று விளிம்புடைந்தோ, எனாமல் உதிர்ந்தோ, அடியிற் கீறல் விழுந்தோ போனால் அதனை எப்பொழுது மாற்றுவது, யாருடைய தீர்மானப்படி மாற்றுவது, எந்தப் பணத்தில் மாற்றுவது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அது சிக்கனம் பற்றிய விடயம், பெண்களின் விடயம், ஆகவே சில்லறை விடயம். இவ்வாறு ஒதுக்கப்பட்ட சில்லறை விடயத்தையே இங்கு சற்று நின்று நோக்க விரும்புகிறேன். உழைப்பு எது, உழைப்புக்குரிய கருவி எது, அக்கருவியின் தேய்வுக்குப் பொறுப்பாளி யார் என்ற வினாக்கள் யாவும் அந்தச் சட்டிக்குள்ளே கிடக்கின்றன.

நமது நாட்டின் சாதாரண உழைப்பாளி குடும்பமொன்றை எடுத்துக்கொள்வோம். கணவனின் சைக்கிள் டயர் தேய்ந்து நூல் தெரிந்தால் அந்தக் கிழமையே புது டயர் வாங்கப்படுகிறது. கடன்பட்டாவது வாங்கப்படுகிறது. அது தொழிலுக்குரிய பொருள். அது இல்லையேல் வருமானமில்லை என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. மீனவரின் வலைக்கும், மேசனின் சாந்தகப்பைக்கும், தையற்காரரின் கத்தரிக்கோலுக்கும் இதே முன்னுரிமை உண்டு. ஆனால் அதே வீட்டில் நாள்தோறும் பிட்டுக்கு மா குழைக்கும் பாத்திரம் விளிம்புடைந்து இரண்டாண்டு ஆகியிருக்கும். அதனைப் பயன்படுத்துபவள் உடைந்த பக்கம் கையிற் படாதவாறு திருப்பிவைத்துக் குழைக்கப் பழகிக்கொண்டிருப்பாள். பிட்டு மா குழைத்தல் மெல்லிய வேலையன்று. கொதிநீரை ஊற்றி, அகப்பைக் காம்பினாற் கிளறி, சூடு ஆறுமுன்னரே கையினால் உதிர்க்க வேண்டும். பாத்திரமானது நீரின் சூட்டையும் காம்பின் இடியையும் ஒருங்கே தாங்க வேண்டும். அசையாது நிற்கவும் வேண்டும். இவ்வளவு வேலை வாங்கும் கருவிக்கு வீட்டுச் செலவுப் பட்டியலிற் கடைசி இடமே கிடைக்கிறது. பல வீடுகளில் பட்டியலிலேயே இடமில்லை.

பாத்திரம் எதனால் ஆயதோ அதற்கேற்பவே அதன் தேய்வும் அமைகிறது. மண்சட்டி ஒளிவுமறைவற்றது. மயிரிழை வெடிப்பினுள் மா புகுந்து புளித்து மணக்கத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது என்று அதுவே அறிவித்துவிடும். எனாமல் பாத்திரம் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. ஓரிடத்திற் கண்ணாடி தெறித்தால் அங்கே இரும்பு துருப்பிடிக்கும். சுற்றியுள்ள சில்லுகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்து உணவிற் கலக்கும். அலுமினியம் உடைவதில்லை, நெளியும். ஆனால் புளியும் தேசிக்காய்ச் சாறும் அதன் மேற்படையை அரிக்கும். பழைய உலோகக் கழிவுகளை உருக்கி வார்த்த மலிவான அலுமினியப் பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவதை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மெலமைன் கோப்பைகள் பார்வைக்குப் பீங்கான் போலிருக்கும். 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அவற்றின் இரசாயனங்கள் உணவினுட் கசியும் அளவு கூடுவதால் அவற்றைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்துள்ளது. நமது பிட்டுக்கு ஊற்றப்படும் நீரோ 100 பாகையை அண்டியது. 1913இல் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடியாத உருக்கை நாம் எவர்சில்வர் என்கிறோம். அது இவை எல்லாவற்றிலும் நீடித்து உழைப்பது, விலையும் அதற்கேற்றது. ஆக, விரைவில் தேயும் பொருளும், தேய்ந்தபின் உடலுக்குத் தீங்கிழைக்கும் பொருளும் வறியவரின் வீட்டுக்கே வந்து சேர்கின்றன.

இந்நிலையிலேதான் ஒழுக்கம் மேடையேறுகிறது. உடைந்த சட்டியோடு காலந்தள்ளுபவளை ஊர் புகழ்கிறது. வீடு பார்க்கத் தெரிந்தவள் என்கிறது. பொறுமை நற்குணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குணம் நற்குணமாவதற்கு, அதற்கு மாறாக நடக்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நற்குணம் தெரிவோடு தொடர்புடையது என்று அரிஸ்டோட்டில் கூறியதை மாணவர் படித்திருப்பர். வாங்க வழியில்லாதவள் வாங்காதிருப்பதைச் சிக்கனம் என்று போற்றுவது, பட்டினி கிடப்பவனை விரதமிருப்பவன் என்று வணங்குவதற்கு ஒப்பாகும்.

மெய்யியல் வகுப்புகளில் தீசியசின் கப்பல் பற்றிய புதிரொன்று கற்பிக்கப்படுவதுண்டு. ஏதென்ஸ் மக்கள் அவ்வீரனின் கப்பலில் உழுத்துப்போன பலகைகளை அகற்றிப் புதிய பலகைகளைப் பொருத்தி அதனை நெடுங்காலம் பேணினர் என்று புளூட்டாக் எழுதினார். பலகைகள் யாவும் மாறியபின் அது பழைய கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர். வாதம் சுவையானதே. எனினும், பலகைகளை மாற்றும் பொறுப்பை ஒரு நகரமே ஏற்றிருந்தது என்ற செய்தி அவ்வாதத்தின் ஆரவாரத்திற் கவனிக்கப்படாமற் போய்விடுகிறது. அக்கப்பலிற் சென்றோருக்கு மாப்பிசைந்த பாத்திரங்களை யார் மாற்றினர் என்று புளூட்டாக் சொல்லவில்லை.

தேய்வுக்குப் பொறுப்பேற்கும் இம்முறையைக் கணக்கீட்டு நூல்கள் பெறுமானத் தேய்வு என்ற தலைப்பில் விளக்குகின்றன. வர்த்தகப் பிரிவு மாணவர் இதனை நன்கறிவர். இயந்திரமொன்று பத்தாண்டு உழைக்குமெனின், அதன் விலையிற் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் செலவாக எழுதப்படுகிறது. இயந்திரம் தேயத்தேய அதன் பெறுமதி சிறிது சிறிதாக உற்பத்திப் பொருளுக்குள் சென்று சேர்கிறது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாந் தொகுதியில் விளக்கினார். அந்நூல் வெளியான 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது தற்செயலான ஒற்றுமை. எனினும் நமது கேள்விக்குத் தேயிலைத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை உருட்டும் இயந்திரம் உண்டு. அதன் தேய்வு கம்பனியின் கணக்கில் ஆண்டுதோறும் கழிக்கப்படுகிறது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கைமாறியபோதும் இந்த விதி மாறவில்லை. தொழிற்சாலையிலிருந்து சிறிது தொலைவில் லயம். 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராவில் விடியுமுன் எழுந்த பெண் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி சுடுகிறாள். அதைத் தின்றுவிட்டே அவளும் கணவனும் மலைக்குச் செல்கின்றனர். ரொட்டி இன்றேல் கொழுந்து பறிக்கக் கையில்லை. கொழுந்து இன்றேல் இயந்திரத்துக்கு வேலையில்லை. கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையில் இயந்திரத்தின் தேய்வும் விலையாகச் சேர்ந்து போகிறது. மாப்பிசைந்த பாத்திரத்தின் தேய்வும் அதனுள் இருக்கத்தான் செய்கிறது. அது எழுதப்படவில்லை, அவ்வளவே.

இவ்விடத்தில் தோழர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். உழைப்புச் சக்தியின் பெறுமதி என்பது தொழிலாளி உயிர்வாழத் தேவையான சாதனங்களின் பெறுமதியே. ஆகவே சட்டியின் விலையும் கூலிக்குள் அடக்கம். கூலி உயர்ந்தாற் சட்டியும் வரும் என்பர். கோட்பாடு சரியே. ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின் 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் சம்பளச் சபை மூலம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தோர் விலைவாசி பற்றி ஓயாது பேசினர். குசினிப் பாத்திரத்தின் விலையை எவரும் பேசியதாக நானறியேன். இது ஒருபுறமிருக்க, கூலி வீட்டுக்கு வந்தபின் அதன்முன் வரிசையில் நிற்பவை பல. அரிசி இன்றைக்கு வேண்டும். கடைக் கடன் நாளைக்கு. பிள்ளையின் சப்பாத்து பாடசாலை தொடங்குமுன் வேண்டும். சட்டியோ நாளைக்கும் உழைக்கும், உடைந்தபடியே உழைக்கும். பொறுக்கக்கூடிய தேவை எப்பொழுதும் பின்தள்ளப்படுகிறது. பொறுப்பவளுக்கு வரிசையை மாற்றும் அதிகாரமில்லை.

கூலியை நிர்ணயிக்கும் போராட்டத்தோடு கூலியைப் பங்கிடும் கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும் என்பதை நமது இயக்கங்கள் எளிதில் ஏற்றுக்கொண்டதில்லை. குசினி வேலையின் அடிமைத்தனத்திலிருந்து பெண்ணை விடுவிக்கும் வழியாகப் பொதுப் போசனசாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் லெனின் 1919இலேயே சுட்டிக்காட்டினார். வீட்டுழைப்பு முதலாளித்துவ உற்பத்தியின் அத்திவாரங்களில் ஒன்று என்று 1972இல் மரியாரோசா டல்லா கொஸ்டாவும் செல்மா ஜேம்சும் வாதிட்டபோது இடதுசாரிகளிடையே பெருஞ் சர்ச்சை மூண்டது. அச்சர்ச்சையின் நுட்பங்களுக்குள் இங்கு புகவேண்டியதில்லை. பொதுப் போசனசாலை வரும்வரை சட்டியைப் பற்றிப் பேசலாகாது என்று லெனின் எங்கும் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

கம்பனிக் கணக்கு மாத்திரமன்றித் தேசங்களின் கணக்கும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. 1953இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட தேசிய கணக்குகள் முறைமை, வீட்டார் தமக்காகச் சமைப்பதையும் துப்புரவு செய்வதையும் பிள்ளை பராமரிப்பதையும் உற்பத்தி எல்லைக்கு வெளியே வைத்தது. 1968, 1993, 2008 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களும் அந்த எல்லையை அகற்றவில்லை. வெதுப்பகம் ஒன்று மா குழைக்கும் இயந்திரம் வாங்கினால் அது மூலதன ஆக்கம். அதே இயந்திரத்தைக் குடும்பமொன்று வாங்கினால் நுகர்வு. நியூசிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மரிலின் வாரிங் 1988இல் எழுதிய நூலில் இம்முறைமையைக் கடுமையாகக் கண்டித்தார்.

இதன் வேடிக்கையை யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கையிலும் காணலாம். பெண்ணொருத்தி விடியற்காலையில் ஒரு சட்டியில் மா குழைத்து இடியப்பம் பிழிகிறாள். அதில் ஐம்பது கடைக்குப் போகின்றது. பத்து வீட்டுக் கோப்பைகளுக்குப் போகின்றது. மா ஒன்று, கை ஒன்று, அடுப்பும் ஒன்று. அந்த ஐம்பதைப் பொறுத்தவரை அவள் உற்பத்தியாளர், சட்டி தொழிற்கருவி. மிகுதிப் பத்தைப் பொறுத்தவரை அவள் 'வேலையில்லாமல் வீட்டில் இருப்பவள்'. எல்லைக்கோடு சட்டியின் நடுவே ஓடுகிறது. அதனைக் கீறியது சந்தை. வேலையின் தன்மைக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

அக்கோட்டின் இருபுறமும் நடந்த சம்பவமொன்று கைத்தொழில் வரலாற்றிலும் உண்டு. 1913இல் ஐக்கிய அமெரிக்காவின் கோர்னிங் நகரில் பெஸி லிட்டில்ரன் என்ற பெண்ணின் அடுப்புச் சட்டி வெடித்துவிட்டது. கணவர் ஜெஸி லிட்டில்ரன் அந்நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையிற் பௌதிகவியலாளர். வெப்பம் தாங்கும் கண்ணாடியாலான மின்கலச் சாடிகளின் அடிப்பாகத்தை அறுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவர, பெஸி அதிற் கேக் சுட்டுக்காட்டினார். 1915இற் பைரெக்ஸ் என்ற பெயரிற் கண்ணாடிப் பாத்திரங்கள் சந்தைக்கு வந்தன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வண்ணக் கிண்ணங்கள் பிற்காலத்தில் அமெரிக்கக் குசினிகளில் மா குழைக்கும் பாத்திரங்களாகப் பெயர் பெற்றன. உடைந்ததற்கு மாற்று வேண்டும் என்று உணர்ந்ததும், வந்த மாற்றைச் சோதித்துப் பார்த்ததும் ஒரு குசினியே. ஆய்வுகூடத்தில் நடந்த சோதனைகள் கம்பனியின் முதலீடு. கேக்கிற்குப் போன மாவும் சீனியும் வீட்டுச் செலவு.

இனி மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தேய்ந்ததையெல்லாம் வீசிவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறீரா, அதுதானே முதலாளித்துவத்தின் ஆசை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1924இல் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலமாகக் குறைக்க உடன்பட்டது வரலாறு. 1932இல் பேர்னாட் லண்டன் என்பவர், பொருள்களுக்கு ஆயுட்காலம் விதித்து அது முடிந்ததும் அவற்றை அழித்துவிடுவதே பொருளாதார மந்தத்துக்கு மருந்து என்று துண்டுப்பிரசுரம் எழுதினார். ஆனால் மின்குமிழிற்போல மாக்குழைக்கும் கிண்ணத்தினுள் எரிந்துபோகும் இழை எதுவுமில்லை. நன்றாகச் செய்த கிண்ணம் பேரப்பிள்ளை காலத்திலும் உழைக்கும். ஆகவே அதனை மீண்டும் மீண்டும் விற்க விரும்புவோருக்கு இரு வழிகளே உண்டு. நிறத்தையும் மோஸ்தரையும் மாற்றுவது ஒன்று. மெலிந்த பொருளாற் செய்வது மற்றது. முதலாவது வசதியுள்ளவரைக் குறிவைப்பது, இரண்டாவது வறியவரை. 1977இற் சந்தை திறந்துவிடப்பட்டதன் பின் இரண்டையும் நாம் தாராளமாகக் கண்டோம்.

வீசியவையும் எங்கோ போய்ச் சேருகின்றன. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையிற் கொழும்பின் குப்பைமலை சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு மாநகரம் வீசியதன் பாரம், அருகே குடியிருந்த ஏழைகளின் கூரைமேல் விழுந்தது. வீசுதல் ஒருவரது சொந்த விடயம் என்போர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக, 'பழுதுபார், வீசாதே' என்ற உபதேசத்தை எல்லோருக்கும் ஒரே அளவில் விநியோகிக்கவும் முடியாது. உடைந்த கிண்ணத்தை அரக்கும் பொற்றூளும் கொண்டு ஒட்டும் ஜப்பானியக் கலையைப் பலர் இன்று வியந்து எழுதுகின்றனர். அழகிய கலைதான். ஆனால் அது போற்றப்படும் தேநீர்க் கிண்ணத்துக்குரியது. பிட்டுச் சட்டியைப் பொன்னால் ஒட்டுவாரில்லை. ஒட்டினாலும் காம்பின் இடியை அது தாங்குமோ தெரியாது. என் அளவுகோல் வேறு. தேய்ந்த பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கு ஒருவருடைய உடல் விலை கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெளிந்த எவர்சில்வர் பாத்திரம் அழகற்றது, ஆயினும் குறையின்றி உழைக்கும். அதனை மாற்றுவது ஆடம்பரம். தெறித்த எனாமலும் கையைக் கிழிக்கும் விளிம்பும் அத்தகையனவல்ல. அவற்றை வைத்திருப்பதால் மிச்சமாகிறது என்று எண்ணும் பணம் ஒருத்தியின் கையிலிருந்தும் குழந்தைகளின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

பழைய சமுதாயத்தில் மாற்றுதலுக்கு ஒரு காலவொழுங்கு இருந்தது. தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கினர். குயவருக்கும் அது உழைப்புக் காலமாயிற்று. இன்னொருவர் நினைவூட்ட வேண்டியதில்லை, நாட்காட்டியே நினைவூட்டியது. ஆனால் இதனைப் பொற்காலமென்று எண்ணி மயங்கலாகாது. அதே சமுதாயம் பாத்திரத்தைக் கொண்டே மனிதரைப் பிரித்தது. 1960களிலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் புறம்பான போத்தலும் பேணியும் வைக்கப்பட்டன. அவற்றை ஒழிக்கப் போராட்டம் வேண்டியிருந்தது. வீட்டிலே கழிந்த பாத்திரம் வேலைக்காரியின் பாத்திரமாயிற்று. இன்றும் நகரத்து வீடுகளில் எனாமல் உதிர்ந்த கோப்பையை வேலைக்கு வருபவளின் கையிற் கொடுத்துவிட்டுத் தானம் செய்ததாக மகிழ்வோர் உண்டு. தமது பிள்ளைக்கு ஆகாதென்று கண்டது அவளது பிள்ளைக்கு ஆகும் என்பது எந்த விஞ்ஞானத்தின் முடிபோ?

மாக்குழைக்கும் பாத்திரம் ஒரு குடும்பத்துக்கு உரியது என்று எழுத்தில் வகுக்கப்பட்ட இடமும் உண்டு. அனர்த்த நிவாரணத்தின் குறைந்தபட்ச நியமங்களைக் கூறும் ஸ்பியர் கைந்நூலின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூடியுடன் இரண்டு சமையற் பாத்திரங்களும், உணவு தயாரிக்கவோ பரிமாறவோ ஒரு பேசினும், ஒரு கத்தியும், இரண்டு அகப்பைகளும் வேண்டும் என்கிறது. போர்க்காலத்தில் முகாம்களில் வரிசையில் நின்று பாத்திரம் பெற்ற நமது மக்களுக்கு இது புதுமையன்று. வீடிழந்து முகாமுக்குப் போனால் எண்ணிக்கை சொல்லித் தரப்படும் பாத்திரம், வீட்டிலிருக்கும்போது எந்தப் பட்டியலிலும் இல்லை.

பெண்கள் இதற்கிடையிற் கைகட்டி இருந்துவிடவில்லை. நாட்டின் எல்லாச் சமூகங்களிலும் வழங்கிவரும் சீட்டு முறையைக் கவனித்தால் இது விளங்கும். பத்துப் பெண்கள் மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டு, மாதம் ஒருவராக முழுத்தொகையையும் எடுக்கின்றனர். பாத்திரம் வாங்குவதற்கென்றே சீட்டுப் பிடிப்போரும் உண்டு. கணக்கீட்டு மொழியிற் சொல்வதாயின், எவரும் எழுதாத தேய்வுக்குப் பெண்கள் தாமே அமைத்துக்கொண்ட நிதியம் இது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வாசல்தோறும் வந்தபோது வட்டி வளர்ந்து பல குடும்பங்களை நெரித்தது. 2018இல் ஒரு பகுதிக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. குலுக்கற் சீட்டில் வட்டியில்லை. ஆனால் அதிற் போடும் பணமும் அதே கூலியிலிருந்து, பெரும்பாலும் அவள் தன் வயிற்றைக் கட்டி மீதம் பிடித்த பணந்தான் என்பதையும் மறக்கலாகாது. சில சீட்டுகளிற் குலுக்குவதற்கு முன்னர், அவசரமுள்ளவருக்கு முதற்சீட்டை விட்டுக்கொடுக்கும் வழக்கம் உண்டு. எவருடைய தேவை முந்தியது என்று பெண்கள் திண்ணையிற் கூடியிருந்து பேசித் தீர்க்கின்றனர். ஒருத்திக்கு மகளின் சாமத்தியச் சடங்கு, இன்னொருத்திக்கு வைத்தியச் செலவு, வேறொருத்திக்கு உடைந்த சட்டி. வீட்டு வரிசையிற் கடைசியில் நின்ற அந்தச் சட்டி திண்ணையில் மற்றவற்றோடு சமமாக வைத்துப் பேசப்படுகிறது. சில மாதங்களில் முதற்சீட்டு அதற்கே கிடைத்துவிடுகிறது.